இரவல் வாங்கிய வீடு

பிரின்சிபாலுக்குக்கூடப் பயப்படாத பெற்றோர்கள் பெலிண்டாவுக்குப் பயப்படுவார்கள். புத்தூரில் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது அவள்தானே! தவணை கேட்டு வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பாள். "கையில போன் மட்டும் புதுசா இருக்கு. பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வக்கில்லையாக்கும்" என்பாள், வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவள் புருஷன் சகாயநாதன் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். ஒருநாள் கடை மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். அரசாங்கக் காப்பீட்டு அட்டை வாங்க இவர்கள் வருமானம் கொஞ்சம் ஜாஸ்தி, ஆபரேஷனுக்குக் கட்டவோ ரொம்பக் கம்மி. நகை அடகுக்குப் போயிற்று. சொந்தக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். அப்படியும் பாதிகூடத் தேறவில்லை.

அப்போதுதான் பிரிட்டோ வந்தான். அவர்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பையன், தென்னூரில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். வீடியோ எடுத்துப் போட்டால் முகம் தெரியாதவர்கள்கூடப் பணம் அனுப்புவார்கள் என்று சொல்லிக் கேமராவோடு வந்தவன், கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். தரையில் டைல்ஸ், மூலையில் ஃபிரிட்ஜ், மாதா சுரூபத்தைச் சுற்றிச் சீரியல் பல்பு.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வீட்டப் பாத்தா ஒருத்தனும் அஞ்சு பைசா போடமாட்டான்."

"ஏன்டா, ஃபிரிட்ஜ வித்தா வால்வு வந்துருமா?"

"எனக்குத் தெரியுதுக்கா. போன்ல பாக்கறவனுக்குத் தெரியணுமே!"

பெலிண்டாவுக்குத் தன் ஜன்னலும் அந்த வரிசையும் ஞாபகம் வந்தன.

வீரம்மாளின் வீட்டைக் கேட்கலாம் என்பது பெலிண்டாவின் யோசனைதான். பிரிட்டோ தலையில் பழியைப் போடக்கூடாது. வீரம்மாள் அதே பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிற ஆயா. உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில் இருக்கிறாள். "ஒரு மணி நேரம் உங்க வீட்டத் தர முடியுமா வீரம்மாக்கா? சாருக்காக வீடியோ எடுக்கணும்" என்றதும், "இதக் கேக்கணுமாம்மா? தாராளமா வாங்க" என்றாள்.

போய்ப் பார்த்தால் வாசலில் கோலம்! உள்ளே கழுவிவிட்ட தரை. அலமாரியில் பாத்திரமெல்லாம் தேய்த்துப் பளபளவென்று அடுக்கியிருக்கிறது. கட்டிலில் மடிப்புக்கூடக் கலையாத புதுப் பெட்ஷீட், பட்டப்பகலில் ட்யூப்லைட். கஞ்சி போட்ட சேலையில் கலர் பாட்டிலோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள் வீரம்மாள்.

பிரிட்டோ முதலில் லைட்டை அணைத்தான். பெட்ஷீட்டை உருவிவிட்டுப் பழைய சேலை ஒன்றைப் போட்டான். அலமாரியில் இருந்த பாத்திரங்கள் தரைக்கு வந்தன. அழுக்குத்துணி வாளி வெளியிலிருந்து கட்டிலருகே வந்தது.

"காலைலதான் எல்லாம் கழுவி வெச்சேன் தம்பி" என்றாள் வீரம்மாள். சொல்லிவிட்டுப் பெலிண்டாவைப் பார்த்தாள்.

பெலிண்டா அந்தப் பக்கமே திரும்பவில்லை. காதில் மிச்சமிருந்த தோட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். "இந்த வீட்டுலதான் நாங்க கஷ்டப்பட்டுக்கிட்டு இருக்கோம்" என்று ஆரம்பித்து அழுதாள். அழுகை பொய்யில்லை, பாவம். வீடுதான் பொய்.

பணம் வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து சகாயநாதன் வீடு திரும்பினார். ஜனங்களுக்குத் தன்மேல் இவ்வளவு பிரியமா என்று அவருக்கு ஆச்சரியம். அந்த வீடியோவைக் காட்டச் சொல்லிக் கேட்டார். டாக்டர் போனே பார்க்கக்கூடாது என்றார் என்று பெலிண்டா வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

பிறகு ஒரு சாயங்காலம் வீரம்மாள் அரிசி மூட்டையோடு வந்து ஃபிரிட்ஜ் பக்கத்தில் பொத்தென்று இறக்கினாள்.

"இந்தாங்க, உங்க அரிசி."

"என்னக்கா இது?"

"ஸ்ரீரங்கத்துலேர்ந்து வயசான ஒரு அம்மாவும் ஐயாவும் விசாரிச்சுக்கிட்டு இந்த மூட்டையோட ஆட்டோல வந்தாங்க. வீடியோல பாத்தாங்களாம். 'பெருமாளே, இதுலயா மனுஷா இருக்கா'ன்னு அந்தம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க. நான் அப்பத்தான் பெருக்கி முடிச்சிருக்கேன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் வீடுன்னு சொன்னா நீங்க மாட்டிப்பீங்க. உங்க வீடுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க ஆஸ்பத்திரில இருக்கறதா சொல்லி வாங்கி வெச்சேன்."

பெலிண்டா மூட்டையை அவள் பக்கமே நகர்த்தினாள். "நீங்களே வெச்சுக்கோங்களேன்கா" என்று ஒருவழியாகச் சொன்னாள்.

"எனக்கெதுக்கு? நான் யார்கிட்டயும் கேக்கலியே!" வீரம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "எங்க தெருவுல எல்லாரும் பாத்துட்டாங்கம்மா. ஸ்கூலயே கூட்டறவ சொந்த வீட்டக் கூட்டமாட்டியாங்கறாங்க. அந்தத் தம்பிய வரச் சொல்லுங்க. லைட்டப் போட்டு, பெட்ஷீட்ட விரிச்சு, என் வீட்ட இருக்கற மாதிரி எடுக்கட்டும். இது வீரம்மா வீடுன்னு உங்க வாயால சொல்லுங்க."

அதைச் சொன்னால் ஊர் சும்மா விடுமா? பணம் போட்டவர்கள் திருப்பிக் கேட்டால்? வேலை என்ன ஆகும்? பெலிண்டா ஏதோ சாக்குச் சொல்ல வாயெடுத்தாள்.

"எந்த வீடு பெலிண்டா?" உள்ளறையிலிருந்து சகாயநாதன் கேட்டார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? நடந்ததையெல்லாம் சொல்லிப் போனை அவர் கையில் கொடுத்தாள். அவர் கடைசிவரை பார்த்தார். "ஆசையா அவங்க போட்டு வெச்ச லைட்டக்கூடவா அணைச்சீங்க?" என்றார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பெலிண்டாவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிரிட்டோவை அழைத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனாள். "நல்லா யோசிச்சுக்கோங்கக்கா, கிழிச்சுத் தொங்கவிட்டுருவாங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான் அவன்.

வாசலில் கோலம் இருந்தது, உள்ளே லைட் எரிந்தது, அதே பெட்ஷீட்டை விரித்திருந்தாள் வீரம்மாள். பெலிண்டா அது கசங்காமல் ஓரமாக உட்கார்ந்தாள்.

"இது என் வீடு இல்லீங்க. வீரம்மாக்கா வீடு. இத அவங்க சுத்தமாத்தான் வெச்சிருந்தாங்க. நாங்கதான் அழுக்காக்கி எடுத்தோம். என் வீட்டுல டைல்ஸ் இருக்கு, ஃபிரிட்ஜ் இருக்கு. அவர் நோய் மட்டும்தான் நெஜம்..." அதற்குமேல் முடியவில்லை. ஜன்னலுக்கு முன்னால் தலைகுனிந்து நின்ற முகமெல்லாம் வந்து எதிரே நின்ற மாதிரி இருந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினாள்.

வீரம்மாள் கேமராவுக்குக் குறுக்கே கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள்.

"கண்ணத் தொடச்சுக்கிட்டு முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா. அழுதீங்கன்னா, மறுபடியும் என் வீட்டப் பாத்துத்தான் அழறீங்கன்னு நெனச்சுக்குவாங்க."