அப்பாவும் பிரசவ வாட்டின் யன்னலும்

அப்பா உடுப்பிட்டியில் பிறந்தார். சென்ற மாதம் கனடாவின் ஸ்காபரோவில், எழுபத்தெட்டாவது வயதில், எங்களை விட்டுப் பிரிந்தார். முப்பத்தோராம் நாளான அந்தியேட்டியில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களுக்கு, அவ்விரண்டுக்கும் இடையிலிருந்த வாழ்க்கையின் பெரும்பகுதி தெரியும். ஆகவே தெரிந்ததைச் சுருக்கமாகவும், அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்றைச் சற்று விரிவாகவும் எழுதுகிறேன். நான் அவருடைய இளைய மகள். நேரில் கண்டதையும் அவர் சொல்லக் கேட்டதையும் தவிர வேறெதையும் இதில் சேர்க்கவில்லை.

அப்பாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவருடைய தகப்பனார் காலமானார். தாய்மாமன் வீட்டில் வளர்ந்து, கணக்கிலும் சித்திரத்திலும் தேறி, இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் கொழும்பில் பொது வேலைத் திணைக்களத்தில் பயிலுனர் படவரைஞராகச் சேர்ந்தார். அரசாங்கக் கட்டடங்களுக்குப் படம் கீறுவது அவருடைய தொழில். மன்னார், திருகோணமலை, பதுளை என்று மாற்றலாகிப் போன இடமெல்லாம் அம்மாவும் அண்ணாவும் நானும் கூடவே போனோம். தலைமைப் படவரைஞராக ஓய்வு பெற்றார். அம்மா காலமான பின், ஊரில் இருக்க முடியாத நிலை வந்தபோது, அவரையும் அம்மாவின் தங்கையான சின்னம்மாவையும் ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டோம்.

அப்பா பொய் சொல்ல மாட்டார். இதைப் புகழ்ச்சியாக மட்டும் எழுதவில்லை; அதனால் எங்களுக்குச் சங்கடங்களும் வந்தன. ஒரு கலியாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்டபோது, "சோறு குழைஞ்சு போச்சு, கத்தரிக்காய் நல்லாயிருக்கு" என்றார். அந்தக் குடும்பத்துடன் சில ஆண்டுகள் பேச்சு இல்லை. அவர்கள் அப்பாவின் செத்த வீட்டுக்கு வந்ததற்கு இங்கே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

நான் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். அங்கே என் பொறுப்பில் இருப்பவர்களில் ஒருவர் இசபெல் அம்மையார். எண்பது கடந்தவர், ஸ்கொட்லாந்தில் வளர்ந்தவர், திருமணம் செய்யாதவர். நான் யாழ்ப்பாணம் என்று அறிந்த அன்று, தன் தகப்பனார் இலங்கையில் அரசாங்கக் கட்டடக் கலைஞராக இருந்தவர் என்றார். பெயரைக் கேட்டு வந்து வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவர்தான் எங்கட துரை. என்ர முதல் துரை" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டு அணிந்து, பஸ்ஸில் என்னுடன் இல்லத்துக்கு வந்தார். உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது. நான் தமிழில் எழுதுகிறேன்.

அம்மையார் இலங்கையில் பிறந்து, ஆறு வயதில் ஸ்கொட்லாந்துக்கு விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர். தகப்பனார் நீண்ட விடுமுறை கிடைக்கும்போது மட்டும் வந்து போவார். தாயார் ஸ்கொட்லாந்தில் இறந்தபோது அவர் வரவில்லை. "என் தகப்பனைப் பற்றி எனக்குத் தெரிந்தது இதுதான்" என்று சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். தூண்களும் மணிக்கூடும் உள்ள ஒரு நீதிமன்றம். "இதை அவர் கட்டினார். நீங்கள் அதில் வேலை செய்தீர்களா?"

அப்பா படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். அடுத்த முறை வந்து சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

அந்தக் கட்டடம் துரையினுடையது அல்ல என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அவருக்கு முன்னிருந்த ஓர் அதிகாரி வரைந்தது. துரை புதிதாக வந்து அதன் கூரை வேலையை மேற்பார்வை செய்ததோடு சரி. வருகிறவர்கள் அதைச் சொல்லிப் பாராட்டும்போதெல்லாம் "அது என்னுடையதல்ல" என்று துரையே மறுப்பதை அப்பா பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்.

அப்பா இதைப் போய்ச் சொல்லப்போவது மிசிசாகாவிலிருந்து வந்திருந்த அண்ணாவுக்குப் பிடிக்கவில்லை.

"அப்பா, உதை ஏன் போய்ச் சொல்லப் போறியள்? மனுசிக்கு அந்தப் படம் ஒண்டுதான் மிச்சம். நிம்மதியாப் போய்ச் சேரட்டும்."

"கேக்காட்டி நான் வாயே திறந்திருக்க மாட்டன். அவ கேட்டிட்டா."

"கேட்டா? ஓம் எண்டு ஒரு சொல்லு. அவ்வளவுதானே!"

"துரையே வேண்டாமெண்ட பேரை நான் எப்பிடியடா அவற்ற தலையில வைக்கிறது?"

அப்பா போய்ச் சொன்னார். துரையின் உத்தியோக வாழ்க்கையைத் தெரிந்தவரையில் முழுதாகவே சொன்னார். எடின்பரோவில் ஒரு கட்டடக் கலைஞரிடம் தொழில் பழகியவர்; அங்கே அரசாங்க சேவையில் தபாற்கந்தோர்கள் வரைந்தவர்; முதலாம் உலகப் போருக்கு முன் இலங்கை வந்தவர். பெரிதாக வரைந்தவை பணமில்லை என்று திரும்பி வந்தன. மிகுதிக் காலம் தங்குமடங்கள், உத்தியோகத்தர் விடுதிகள், பிறர் கட்டியவற்றுக்குத் திருத்த வேலைகள். இந்த நீதிமன்றம் அவருடையதல்ல.

அம்மையார் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு, "அப்படியானால் ஒன்றுமே இல்லை. இதற்காகவா எங்களை விட்டுவிட்டு அங்கே இருந்தார்?" என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, அவரை அழைத்துப்போ என்று என்னிடம் சொன்னார். அடுத்த நாள் தன்னைக் குளிப்பாட்ட வேறொருவரைக் கேட்டார். படத்தையும் கழற்றச் சொல்லியிருந்தார்.

அன்றிரவுச் சாப்பாட்டில் அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "மிச்சத்தையும் சொல்லியிருக்கவேணும்" என்றார்.

"என்ன மிச்சம்?" என்றேன்.

"சொல்லுற கதையே உது? வெக்கக்கேடு."

சின்னம்மா விடவில்லை. கேட்டுக் கேட்டுக் கதையை வாங்கினார். எங்களில் ஒருவரும் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

துரை ஓய்வு பெறுவதற்கு முன் செய்த கடைசி வேலை, சிறிய ஆஸ்பத்திரிகளுக்கான பிரசவ வாட்டின், அதாவது பேறுகால அறையின், மாதிரிப் படம். ஒரு முறை கீறினால், பணம் கிடைக்கும் ஊர்களிலெல்லாம் அதே படத்தை வைத்துக் கட்டுவார்கள். அதுவரை ஆஸ்பத்திரி யன்னல்கள் நிற்கிறவரின் உயரத்துக்கே வைக்கப்பட்டன. படுத்திருக்கும் பெண்ணுக்கு வெளியே என்ன தெரியும் என்று துரை கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஓர் இரும்புக் கட்டிலை இரவல் வாங்கி, படம் கீறும் மண்டபத்தில் போட்டார். ஆட்களில் இளையவரும் மெலிந்தவரும் அப்பா. அவரைக் கட்டிலில் ஏறிப் படுக்கச் சொன்னார். நோவில் கிடப்பவள் நேராகக் கிடப்பாளா, சரிந்து கிடப்பாளா என்று மணமானவர்களிடம் விசாரித்து, அப்பாவைச் சரித்துப் படுக்க வைத்தார். பிறகு தானே ஒரு பலகையை யன்னலின் கீழ்ப்பகுதி மறையப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். மரம் தெரிகிறதா? வாசல் தெரிகிறதா? வாசலில் நிற்கிறவனுடைய முகம் தெரிகிறதா? முகம் தெரிந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்.

"பக்கத்து மேசையில இருந்த தலைமைப் படவரைஞர், 'தம்பி, எத்தினையாம் மாசம்?' எண்டு கேட்டார். அந்த வருசம் முழுக்க எனக்குப் பேர் பிள்ளைத்தாச்சி" என்றார் அப்பா.

சின்னம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார்.

"அத்தான், கீழ பதிஞ்ச யன்னலே? சாவகச்சேரி ஆஸ்பத்திரியில இருந்ததே? அதடியிலதானே நான் ரெண்டு பெடியளையும் பெத்தனான்!"

"அது அந்தப் படம்தான்."

"அப்ப நான் வாறன். நான் சொல்லுறன் அந்த மனுசிக்கு."

"உனக்கு இங்கிலீசு தெரியாதே."

"பிள்ளை பெத்த கதைக்கு இங்கிலீசு என்னத்துக்கு?"

ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். அம்மையார் கதிரையில் இருந்தார். அப்பா கதவடியில் நின்று, "இன்னும் ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். கேட்க விருப்பமில்லை என்றால் போய்விடுகிறேன்" என்றார். அம்மையார் போகச் சொல்லவில்லை.

அப்பா கதையைச் சொன்னார். சொல்லில் விளங்கவில்லை என்று கண்டதும் அனுமதி கேட்டு, சப்பாத்தைக் கழற்றி, கோட்டுடனேயே அம்மையாரின் கட்டிலில் சரிந்து படுத்தார். தேநீர்த் தட்டை யன்னலில் பிடித்து இறக்குமாறு என்னிடம் சொன்னார். அந்த நேரம் கதவைத் திறந்த தாதி, "இவர் புதிதாகச் சேர்ந்தவரா?" என்று கேட்டாள். 

"இங்கே படுத்தால் சீலிங் மட்டும்தான் தெரிகிறது" என்றார் அப்பா கட்டிலிலிருந்தபடி.

"ஐந்து வருடமாக நான் அதைத்தான் பார்க்கிறேன்" என்றார் அம்மையார்.

பிறகு சின்னம்மா. நான் மொழிபெயர்த்தேன்.

"நான் உயிர் போகக் கத்துறன். திரும்பிப் பாத்தா, வாசலில என்ர மனுசன் சைக்கிள் கரியரில குந்திக்கொண்டு கச்சான் கடலை தின்னுறார். கோதை ஊதி ஊதித் தின்னுறார்! வந்த ஆத்திரத்தில ஒரு முக்கு முக்கினன், பிள்ளை பிறந்திட்டுது."

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். படுத்தபடியே பார்த்தாரா என்று இருமுறை கேட்டார். ஓம், படுத்தபடிதான் என்றார் சின்னம்மா. இப்படி எத்தனை வாட்டுகள் கட்டினார்கள் என்று அம்மையார் அப்பாவிடம் கேட்டார். தெரியாது என்றார் அப்பா. படத்தில் துரையின் பெயர் இருந்ததா? இல்லை, அரசாங்கப் படத்தில் இலக்கம் மட்டும்தான். எந்த வருடம் கீறியது? அப்பா வருடத்தைச் சொன்னார்.

"அது என் தாயார் இறந்த வருடம்" என்றார் அம்மையார்.

"இருக்கலாம். அவர் எங்களிடம் அதைப் பற்றிப் பேசவில்லை."

"அப்போதாவது வந்திருக்கலாம்."

ஓம், வந்திருக்கலாம் என்றார் அப்பா. அம்மையார் சின்னம்மாவின் பக்கம் திரும்பி, அந்தச் சைக்கிள் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

தலைமைத் தாதியின் அனுமதியுடன் கட்டிலைத் திருப்பி, கால்களுக்குக் கட்டை வைத்து உயர்த்தினோம். இப்போது பஸ் தரிப்பு வரை தெரிகிறது. நடக்க முடிந்தவரை அப்பா ஞாயிறுதோறும் போனார்.

பனிக்காலம் தொடங்கியபோது அப்பாவின் இருதயம் பலவீனப்பட்டது. மருத்துவமனையில் அதிக காலம் இருக்கவில்லை. அண்ணாவும் சின்னம்மாவும் நானும் அருகிலிருந்தோம். வேதனைப்படவில்லை என்று எழுத விருப்பம். ஆனால் கடைசி இரண்டு நாட்களும் மூச்சுவிடக் கஷ்டப்பட்டார். அதன் பிறகு அமைதியாகப் போனார்.

செத்த வீட்டில் சக்கர நாற்காலியில் வந்து பெண்களுடன் இருந்த வெள்ளைக்கார அம்மா யார் என்று உங்களில் பலர் கேட்டீர்கள். அண்ணாதான் போய் அழைத்து வந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் சின்னம்மா, "நாங்கள் பிள்ளை பெத்த வாட்டைக் கீறினவற்ற மகள்" என்று சொன்னார். தாங்களும் அப்படியான வாட்டில் பிறந்ததாக உங்களில் சிலர் அம்மையாரிடம் சொன்னீர்கள். உங்கள் தாய்க்கு வெளியே என்ன தெரிந்தது என்று அவர் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்பாவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் தாதிமாருக்கும், சமைத்துக் கொண்டுவந்த ரூஜ் அயலவர்களுக்கும், பனியில் கார் ஓட்டிய பிக்கரிங், மிசிசாகா உறவினர்களுக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும், தொலைபேசியில் துயர் பகிர்ந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நேரில் வந்து சொல்லத் தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இசபெல் அம்மையார் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விழித்திருப்பார். இடது காது நன்றாகக் கேட்கும். வருகிறவர்களுக்கு நான் மொழிபெயர்ப்பேன். வருவதற்கு முன், தாயார் உயிரோடு இருப்பவர்கள் தயவுசெய்து தாயாரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்: நோவு வந்த நேரம், படுத்தபடி, வெளியே என்ன தெரிந்தது? ஒன்றும் தெரியவில்லை என்று தாயார் சொன்னால், அதையே வந்து அம்மையாரிடம் சொல்லுங்கள்.

இளைய மகள்