கேள்வி சாரும் பதினான்கு கால்களும்

"எத்தனை காலி?" என்று வாய்க்குள் முணுமுணுத்தபடியே தட்டுகிறார். இரண்டே விரல்கள்தான், ஆனால் பத்து விரல்காரர்கள் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. கறுப்புத் திரையில் ஒரு வரி ஓடி நிற்கிறது. எண்டரைத் தட்டியதும் நாற்காலியை அரையடி பின்னுக்குத் தள்ளிக்கொள்கிறார், பதில் மேலே வந்து விழுந்துவிடும் என்பதுபோல. வருவது ஓர் எண் மட்டும். அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார்.

எங்கள் பிரிவில் அவருக்குக் 'கேள்வி சார்' என்று பெயர். வயது ஐம்பத்து மூன்று. ஒரு சிப்புக்குள் எந்த வேலையை எந்த மூலை செய்யவேண்டும் என்று வடிவமைப்பது அவர் தொழில். அதற்கான மென்பொருளில் சிப்பின் உள்வரைபடம் கலர் கலராக விரியும். மவுஸை வைத்து எங்கே வேண்டுமானாலும் நுழைந்து பார்க்கலாம். இவர் அந்தப் படத்தைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. எல்லாம் கமாண்டுதான். நினைவகக் கட்டங்கள் எத்தனை, பெருக்கல் போடும் கட்டங்கள் எத்தனை, அவற்றில் காலி எத்தனை, காலியில் இடதுபக்கம் எத்தனை என்று நிபந்தனைமேல் நிபந்தனை அடுக்கி ஒரே வரியில் கேட்பார். "படம் காட்டுறவனை நம்பக்கூடாதும்மா. கேட்டா எண்ணிக்கையைச் சொல்லணும், அவ்வளவுதான்" என்பது அவர் கட்சி.

கடைக்குப் போனாலும் இதே கதை. பேனா இருக்கிறதா என்று கேட்கமாட்டார். "நீல மை, மெல்லிசு முனை, மூடி போட்டது, அதுல எத்தனை இருக்கு?" என்பார். எதிரே உள்ள கடைக்காரர் இவர் தலையைக் கண்டாலே பேனா டப்பாவைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

இப்படிப்பட்ட மனிதர்தான் பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு நிபந்தனையை விட்டுவிட்டார்.

நாங்கள் செய்துகொண்டிருப்பது தானியத்தில் கல் பொறுக்கும் இயந்திரம். தானியம் சரிந்து விழும்போது கேமரா பார்க்கும். கல்லைக் கண்டால் அந்த இடத்துக் குழாய் காற்றை ஊதி வெளியே தள்ளும். கண்ணும் குழாயுமாகச் சிப்புடன் சேர வேண்டிய கம்பிகள் நூற்றுப் பதினாறு. எந்தச் சிப்பை வாங்குவது என்று முடிவு செய்த நாளில், வெளியே கம்பி சேர்க்கும் வாசல்கள் எத்தனை என்று கேள்வி சார் மென்பொருளிடம் கேட்டிருக்கிறார். நூற்று முப்பத்திரண்டு என்றது. தாராளம். சின்ன உறை போட்ட சிப்பே போதும் என்று கையெழுத்துப் போட்டார்.

சிப்பின் உள்ளே இருக்கும் சிலிக்கன் துண்டில் நூற்று முப்பத்திரண்டு இருப்பது உண்மை. ஆனால் சின்ன உறையில் அடைக்கும்போது முப்பது வாசல்களுக்கு வெளியே கம்பி சேரும் உலோகக் கால் வைப்பதில்லை. கதவு இருக்கும், திறந்தால் சுவர். 'கால் உள்ளவை மட்டும்' என்று சேர்த்துக் கேட்டிருந்தால் நூற்றிரண்டு என்று அதே மென்பொருள் சொல்லியிருக்கும்.

சிப்புகள் வந்து சேரப் பத்து மாதம் ஆனது. அதுவரை அதே சிலிக்கனைப் பெரிய உறையில் போட்ட சோதனைப் பலகையில் எல்லாம் ஜம்மென்று ஓடியது. யாருக்கும் மூக்கு வியர்க்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் புதுச் சிப்புகள் வந்ததும், பலகை வரைகிறவளான நான் உட்கார்ந்து கம்பிகளை ஒதுக்கத் தொடங்கினேன். பதினான்கு கம்பிகள் போக இடமில்லாமல் நின்றன.

"சார், கால் பத்தலை."

"பத்தும்மா. நூத்தி முப்பத்திரண்டு இருக்கே."

என் முன்னாலேயே தட்டிக் காட்டினார். நூற்று முப்பத்திரண்டு. பிறகு சற்று யோசித்து, அந்த வரியின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்தார். நூற்றிரண்டு. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அது பொய் சொல்லலம்மா. நான்தான் சரியாக் கேக்கல" என்றார். மென்பொருளைத் திட்டியிருக்கலாம், என்மேல் எரிந்து விழுந்திருக்கலாம். இரண்டும் செய்யவில்லை.

பெரிய உறைச் சிப்பு வேண்டுமென்றால் இன்னும் பத்து மாதம். சோதனைப் பலகை இரவல்; புதுச் சிப்புகள் வந்ததுமே திருப்பிக் கொடுத்தாயிற்று. வாடிக்கையாளருக்கு இந்த மாதக் கடைசியில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியாக வேண்டும்; இல்லையென்றால் ஆறு பேர் கொண்ட எங்கள் பிரிவையே மூடிவிடுவார்கள். மேலாளர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். இரண்டு குழாய்க்கு ஒரே காலைப் பங்கு போட்டுப் பார்த்தோம். குழாயின் முறை வருவதற்குள் கல் தாண்டிப் போய்விட்டது; காற்று அப்புறம்தான் ஊதியது. பதினான்கு குழாய்களை விட்டுவிடலாமா என்று நான் கேட்டதற்கு, "பதினாலு இடத்துல கல்லு நம்மளப் பாத்து சிரிச்சுக்கிட்டே போகும்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்ததும் கேட்க ஆரம்பித்துவிடுகிறார். வரிசை வரிசையாகக் கேட்கிறார், மூலை மூலையாகக் கேட்கிறார், எதையாவது ஒளித்து வைத்திருக்கிறதா என்று புதுப்புது நிபந்தனை போட்டுக் கேட்கிறார். நூற்றிரண்டுக்குமேல் ஒன்று கூட வரவில்லை. மதியம் மருத்துவமனையிலிருந்து அவர் மனைவி போன் செய்வார், நர்ஸ் வேலை. "ம், சாப்டேன்" என்பார் இவர். சாப்பாட்டு டப்பா திறக்காமல் அப்படியே கிடக்கும். ஏன் சார் இப்படி என்றால், "சாப்டீங்களான்னுதானே கேட்டா? இன்னிக்கான்னு கேக்கலையே." பிரிவை மூடப்போகும் விஷயம் அந்த அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

நேற்று மேலாளர் வந்து அவர் மேசையருகே நின்றார். வயதில் இவரைவிடப் பதினைந்து வருடம் சின்னவர்.

"சார், திங்கட்கிழமை அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிடப் போறேன். ஏதாவது வழி இருந்தா இன்னிக்கே சொல்லுங்க."

கேள்வி சார் இன்னொரு வரியைத் தட்டினார். அதே நூற்றிரண்டு. மேலாளர் அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பின்வரிசையில் ஒருவர் தன் மேசை இழுப்பறையைக் காலி செய்ய ஆரம்பித்தார்.

"உங்களுக்கெல்லாம் வயசு இருக்கும்மா. எங்கயாச்சும் போயிடுவீங்க" என்றார் என்னிடம்.

"உங்களுக்கென்ன சார், இவ்வளவு அனுபவம்."

"அதுல கடைசி அனுபவம் என்னன்னு கேப்பாங்கல்ல."

பொய்யாக ஏதாவது சொல்லலாமென்றால் அவரிடம் அது செல்லுபடியாகாது.

எழுந்து என் மேசைக்கு வந்தார். தட்டிலிருந்து ஒரு சிப்பை எடுத்தார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு சிப்பைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. பூதக்கண்ணாடிக்கு அடியில் அதை வைத்து, நான் பற்றவைத்த ஈயத்தைக் கிளறிப் பார்க்கும் ஊசியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு காலாகத் தொட்டுத் தொட்டு எண்ணத் தொடங்கினார். மின்சாரத்துக்குப் போகும் கால்கள் அவருக்கு மனப்பாடம். அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனது ஊசி. நான்கு பக்கமும் முடிய வெகுநேரம் ஆயிற்று. "நூத்தி ரெண்டு" என்றார். சிப்பைத் திருப்பி வைத்து வேறு மூலையிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் நூத்தி ரெண்டு.

கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தார். கண் சிவந்து நீர் கோத்திருந்தது.

"எனக்குக் கண்ணு சரியில்ல போலிருக்கு. நீங்க ஒருதரம் எண்ணிப் பாருங்கம்மா" என்று ஊசியை என்னிடம் நீட்டினார்.