அக்கா மகள் மாமா பையன்

என் பெண்களில் பெரியவள் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், அவளுடைய தமிழ்க் கட்டுரை நோட்டில் டீச்சர் சிவப்பு மையால் எழுதி அனுப்பியிருந்தார்: ‘முழுப் பக்கமும் ஒரே வாக்கியம். வீட்டில் கவனிக்கவும்.’ பொங்கல் விடுமுறையைப் பற்றிய கட்டுரை அது. விடிகாலையில் எழுந்ததில் தொடங்கி, கரும்பு தின்று, தங்கையோடு சண்டை போட்டு, அழுது தூங்கியது வரை ஒரு புள்ளிகூட வைக்காமல் எழுதியிருந்தாள்.

நாங்கள் அப்போது சென்னீர்குப்பத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. எனக்கும் அங்கேயே ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. நிறுத்தக்குறிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் டைப்ரைட்டிங் வகுப்பில் கற்றதுதான். கமாவுக்குப் பிறகு ஸ்பேஸ் பாரை ஒரு தடவை தட்ட வேண்டும், முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு தடவை. அதையே வீட்டுப் பாடமாக்கிவிட்டேன். வேலை முடிந்து வந்து உலை வைத்ததும் இரண்டு பெண்களையும் உட்கார வைப்பேன். ஒருத்தி சத்தமாகப் படிப்பாள். கால்புள்ளி வந்தால் மற்றவள் டம்ளரால் தரையில் ஒரு தட்டு, முற்றுப்புள்ளிக்கு இரண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில் ஏதோ பஜனை நடக்கிறது என்றே கொஞ்ச நாள் நினைத்திருந்தார்கள்.

சின்னவள் மூன்றாம் வகுப்பு. அவளுக்கு எதையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளத் தெரியாது.

“ஏம்மா, கால்புள்ளின்னா கால் கிலோ மாதிரி கால் புள்ளியா?”

“ஆமா. அதுக்கு மேல அரைப்புள்ளி, முக்கால்புள்ளி. முழுசா நிறுத்தணும்னா முற்றுப்புள்ளி” என்றேன். நன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

மறுநாள் அவள் நோட்டைப் பார்த்தால், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நான்கு கால்புள்ளிகள் வரிசையாக நின்றன. “நாலு கால் சேர்ந்தா ஒண்ணுதானே?” என்றாள். அவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “உட்டுடுமே, கணக்கு கரீட்டாதான கீது” என்று மகள் பக்கம் சேர்ந்துகொண்டார். அதை மாற்றுவதற்கு எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அந்த நாட்களில்தான், ஒரு சனிக்கிழமை மதியம், அவருடைய அண்ணனிடமிருந்து கார்டு வந்தது. திருவள்ளூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் பயிர் வைத்துக்கொண்டிருந்தவர் அவர். கார்டின் ஓரம்வரை நெருக்கி எழுதுவார்.

‘தம்பிக்கு ஆசீர்வாதம் இங்கு யாவரும் நலம் வருகிற ஞாயிறு அக்கா மகள் மாமா பையன் அங்கு வருகிறார்கள் இரவு தங்கி திங்கள் வேலப்பன்சாவடி காலேஜில் விண்ணப்பம் வாங்க வேண்டும் மழை இல்லை’

என் வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்தார். “இன்னாமே இது, எத்தினி பேர் வர்றாங்க?”

எனக்கும் புரியவில்லை. இவர்களுடைய அக்காவுக்கு ஒரு மகள், ஒரு பையன். அக்காவின் கணவரை மாமா என்பார்கள். ஊரில் தாய்மாமன் ஒருவரும் இருந்தார். அவரும் மாமாதான், அவருக்கும் ஒரு பையன். போன் செய்து கேட்கலாம் என்றால் அந்த ஊரில் போன் கிடையாது. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை.

பெரியவள் சிவப்புப் பேனாவோடு வந்தாள். “ஒரே ஒரு கால்புள்ளிதாம்மா. அக்கா மகள், மாமா பையன். ரெண்டு பேர்.”

“இல்ல, நாலு!” என்று சின்னவள் பேனாவைப் பிடுங்கினாள். “அக்கா, மகள், மாமா, பையன். குடும்பமே வருது. நாலு பேர்!”

ஆளாளுக்குப் புள்ளி வைத்ததில் கார்டு முழுக்கச் சிவப்பாகிவிட்டது. மறுநாள் காலை குமணன்சாவடிக்குக் கறி வாங்கக் கிளம்பியவர், பையோடு வாசலில் நின்றுகொண்டு, “சீக்கிரம் முடிவு பண்ணுங்க. அரைக் கிலோவா, ஒரு கிலோவா?” என்றார். சின்னவள் “ஒரு கிலோ!” என்று கத்தினாள். இப்படி ஒரு இலக்கணப் பிரச்சினையைத் தீர்த்துக் கறிக்கடைக்குப் போன மனிதர் அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

பதினொரு மணிக்குப் பெண்கள் இருவரும் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் தெருமுனையிலிருந்தே சின்னவளின் குரல் கேட்டது: “நாலு பேரும்மா! நாலு!”

வெளியே வந்து பார்த்தேன். அக்கா வந்தார். அவர் மகள் வந்தாள். கூடவே தாய்மாமன் பையன். பின்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கத்திரிக்காய்ப் பையோடு, கடிதம் எழுதிய அண்ணன்! தான் வருவதை அவர் எழுதவே இல்லை.

“நாலு பேர், நான் சொன்னது சரி” என்றாள் சின்னவள். “நீ சொன்ன நாலு பேர் இது இல்ல” என்றாள் பெரியவள். நான் தடுப்பதற்குள், சின்னவள் ஓடிப்போய் அந்தக் கார்டை எடுத்துவந்து பெரியப்பாவிடமே நீட்டிவிட்டாள். “பெரியப்பா, இதுல எங்க நிறுத்தணும்? நீங்களே சொல்லுங்க.”

எனக்கு உடம்பு கூசியது. பெரிய மனிதர் எழுதிய கடிதத்தைப் பிள்ளைகள் திருத்தி வைத்திருக்கிறார்கள். அவர் கார்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா கண்ணு, என் லெட்டருக்கு அம்மை போட்டுகிச்சா?” என்றார்.

அவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும். சிரிப்பு அடங்கியதும், “நான் பேசறப்பவே எங்கியும் நிக்க மாட்டேன். எழுதறப்ப மட்டும் எப்டி நிக்கிறது? சரி, நீயே சொல்லிக் குடு” என்று சின்னவள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

சாப்பிட்ட பிறகு அதே வேலைதான். அவர் ஊர்க்கதை சொல்லச் சொல்ல, சின்னவள் டம்ளரால் தட்டி நிறுத்தினாள். தட்டியும் நிற்காமல் நாலு வார்த்தை தாண்டிப் போய், “ஐயோ, உட்டுட்டேன்” என்று திரும்பி வருவார். காலேஜில் சேரப்போகிற பெண் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது ஒரு வார்த்தை பேசாமல் பயந்து வந்தவள் அவள்.

திங்கட்கிழமை விண்ணப்பம் வாங்கிக்கொண்டு போனார்கள். ஜூன் மாதம் அடுத்த கார்டு வந்தது. என் வீட்டுக்காரர் நின்ற இடத்திலேயே சத்தமாகப் படித்தார்.

‘தம்பிக்கு, ஆசீர்வாதம், அக்கா, மகளுக்கு, காலேஜில், இடம், கிடைத்து, விட்டது, உங்கள், வீட்டில், தங்கி, படிக்கட்டுமா,’

ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று, எல்லா ஸ்டாப்பிலும் நிற்கிற பஸ் போல அவர் படிக்க, பெண்கள் தரையில் உருண்டார்கள். பெரியவள் பேனாவைத் தேடினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதில் எனக்குப் புரியாத இடம் ஒன்றுகூட இல்லை.

அன்றைக்கே ‘வரட்டும்’ என்று பதில் எழுதிப் போட்டோம். இரண்டு பெண்களும் தங்கள் துணிகளை ஒரே தட்டில் அடுக்கி, அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்தார்கள். அடுத்த வாரம் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய அந்தப் பெண், மூன்று வருஷம் எங்கள் வீட்டுப் பெண்ணாகவே இருந்து பட்டம் வாங்கினாள்.