எங்கள் டெக்கில் ஓடிய படம்

எங்கள் வீட்டு வீடியோ டெக்கில் போட்ட படம் தெரு முழுக்கத் தெரிகிறது என்று ஒரு சாயங்காலம் நான் மனப்பூர்வமாக நம்பினேன். கேபிள்காரர் தன் கடையில் கேசட் போட்டால் எல்லார் வீட்டிலும் படம் ஓடுகிறதே, நம் டெக்கும் அதே ஒயரில்தானே தொங்குகிறது என்பது கல்லூரி முதல் வருடத்து என் விஞ்ஞானம்.

நேற்று அந்த ஆங்கிலப் படத்தை மொபைலில் மறுபடி பார்த்தேன். டிவி நிகழ்ச்சிகளைக் கேலி செய்யும் பச்சையான துணுக்குகள். கோட்டும் டையுமாகச் செய்தி வாசிக்கிறவர் எழுந்து நின்றால் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. சிரிப்புக்குப் பதில் எனக்கு வியர்த்தது.

அன்று அம்மாவும் அப்பாவும் கல்யாணத்துக்குப் போயிருக்க, அதே ஆள் எழுந்து நின்ற நேரம் பார்த்து, காலையிலிருந்து சடக் சடக்கென்று கேட்டுக்கொண்டிருந்த எங்கள் சின்ன காஞ்சிபுரத் தெருவின் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தெருவே தறிக்குழியிலிருந்து ஏறி வந்து இதைத்தான் பார்க்கிறது என்று குழம்பி, டெக்கை அணைக்கவும் தோன்றாமல், மாடிக்கு ஓடி கேபிள் ஒயரைப் பிடுங்கினேன்.

கீழே இறங்கி வந்தால் வாசலில் பக்கத்து வீட்டுக் கமலாக்கா.

“இன்னாபா, ஒயரைப் புடுங்கினது நீயா?”

“சத்தியமா தெரியாதுக்கா! அந்தாளு பேன்ட் இல்லாம எழுந்துப்பான்னு நான் கண்டனா?”

“எந்தாளுபா? நாங்க சீரியல் பாத்துக்கினு இருந்தோம்.”

தினமும் அந்த நேரத்துக்குத் தறிகள் நிற்பது சீரியலுக்காக. எங்கள் மாடியிலிருந்துதான் அடுத்த வீடுகளுக்கு ஒயர் போனது. படம் எங்கள் கூடத்தைத் தாண்டவே இல்லை. அது என்ன படம் என்று தெருவுக்குச் சொன்னவன் நான்தான்.