ஏழாம் மலையின் பலகை

இலங்கை மலையகத்தின் கொட்டகலையிலிருந்து மேலே ஏறும் தோட்டப் பாதையின் இரண்டாவது வளைவில், முழங்கால் உயரத்துக்கு ஒரு தகரப் பலகை நிற்கிறது. வெள்ளைப் பூச்சின்மேல் கறுப்பில் மூன்று வரிகள்: தேயிலை மலையின் இலக்கம் ஏழு, அதன் பரப்பு, கடைசியாகக் கவ்வாத்து வெட்டிய மாதமும் வருடமும். செடிகளை முழங்கால் மட்டத்துக்கு வெட்டி மறுபடி தளிர்க்க விடுவதுதான் கவ்வாத்து. பத்திரிகை நிருபனாக அந்த வழியே எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்தப் பலகையை நான் படித்தது சென்ற ஆண்டுதான், எல்லோரும் ‘அம்மா’ என்று அழைக்கும் ஒரு பெண் சட்டத்தரணியுடன் போனபோது.

அவர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து சட்டம் படித்தவர். ஹட்டனில் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய ஓர் அறைதான் அலுவலகம். இந்தியாவிலுள்ள அகதி முகாம்களிலிருந்து திரும்பியவர்களின் பிறப்புப் பத்திரங்கள், குடியுரிமை விண்ணப்பங்கள், வெளிநாடுகளில் தஞ்சம் கேட்டிருக்கும் பிள்ளைகளுக்காக இங்கே பெற்றோர் கொடுக்கும் வாக்குமூலங்கள், இவையே அவருடைய வேலை. இத்தகைய வழக்குகளை நடத்தும் சட்டத்தரணிகளுக்கு ஹட்டனில் மூன்று நாள் பயிற்சி நடந்தது. பத்திரிகையை விட்டிருந்த நான் அங்கே மொழிபெயர்ப்பாளன். முதல் வரிசையில் தடித்த கோப்புடன் அவர் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நாள் காலை, கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒரு வேலை கொடுத்தார். அண்மையில் தயாரித்த ஒரு வாக்குமூலத்தை எடுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு திகதிக்கும் பக்கத்தில், அதைச் சொன்னது யார் என்று எழுதுங்கள். கட்சிக்காரரா, ஓர் ஆவணமா, அல்லது நீங்களா. பக்கத்து நாற்காலியில் இருந்த இளம் சட்டத்தரணி சிரித்துக்கொண்டே, “மிஸ், உங்க பேப்பர்ல என்ன பிழை வரப்போகுது? என்னோடத பாருங்க, எல்லாம் நானாத்தான் இருக்கேன்” என்றார். அம்மா சிரிக்கவில்லை. அவருடைய பென்சில் நான்காவது திகதியில் நின்றிருந்தது. நான் அடுத்த வாக்கியத்தை மொழிபெயர்த்து முடித்த பிறகும் அது அங்கேயே இருந்தது.

தேநீர் இடைவேளையில் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அந்த வாக்குமூலம் ஏழாம் மலைக்குக் கீழுள்ள லயத்தில் வசிக்கும், கொழுந்து பறிக்கும் ஒரு தாயினுடையது. மகனைச் சிவில் உடையில் வந்தவர்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போனதை அவர் நேரில் பார்த்தவர். பல வாரங்களுக்குப் பின் திரும்பி வந்த மகன் நாட்டைவிட்டுப் போய்விட்டான். அவனுடைய தஞ்ச வழக்கு மறுநாள் காலை அங்கே விசாரணைக்கு வருகிறது; தாயின் வாக்குமூலம் ஏற்கெனவே அங்கே போய்விட்டது. சம்பவம் எந்த வருடம் என்று கேட்டபோது தாய் சொன்னது: “ஏழாம் மலை மிலாறு தூக்கிட்டு வந்த அன்னைக்கிங்க. கடைசிக் கவ்வாத்து இல்ல, அதுக்கு முந்தினது.” வெட்டிய கிளைகளை விறகுக்குச் சுமந்து வந்த நாள். அம்மா திரும்பும் வழியில் பலகையைப் படித்தார், அதிலிருந்து நான்கு வருடங்களைக் கழித்தார், எழுதினார். அவர் பிறந்த தோட்டம் கண்டிப் பக்கம், தாழ்வான மலை. அங்கே நாலு வருடத்துக்கு ஒரு கவ்வாத்து. கொழும்புச் சட்டத்தரணி ஒருவராக இருந்தால், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வெட்டுவீர்கள் என்று கேட்டிருப்பார். அம்மா கேட்கவில்லை. அவருக்குத்தான் தெரியுமே.

மதிய அமர்வை விட்டுவிட்டு முச்சக்கர வண்டியில் போனோம். நாலு வருடம் என்பது இந்த மலைக்கும் சரியா என்று தோட்டத்தில் கேட்க வேண்டும் என்றார் அம்மா. பலகைக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்துவிட்டு ஏறினார். தாய் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நின்றிருந்தார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவர் கூடையை இறக்கி வைத்தார். “வருஷத்த நீங்கதானே எழுதுனீங்க லோயரம்மா. நான் கவ்வாத்தத்தான் சொன்னேன்.” குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. மலை வேலையை மேற்பார்வை செய்யும் கண்டாக்கு ஐயா பழைய பதிவேட்டைப் புரட்டினார். இடைவெளி ஐந்து வருடம். “இந்த ஒசரத்துல நாலுல வெட்டுனா செடி தாங்குமா? லயத்துப் புள்ளைக்கு இது தெரியலையே” என்றார்.

வெளிநாட்டில் மகனின் வழக்கைப் பேசும் சட்டத்தரணியை அங்கிருந்தே தொலைபேசியில் பிடித்தோம். மகன் சொன்ன வருடம் சரி. தாயின் வாக்குமூலம் ஒரு வருடம் பிசகு. அவர் எளிய வழி ஒன்று சொன்னார். தாய்க்கு ஞாபகப் பிசகு என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள், வயதானவர்களுக்கு அது சகஜம் என்று ஏற்றுக்கொள்வார்கள். வாக்குமூலம் எடுத்த சட்டத்தரணியே கணக்குப் போட்டுத் திகதி எழுதினார் என்று சொன்னால், மற்றதையும் அவரே எழுதினார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். முழு வாக்குமூலமும் போய்விடலாம். அம்மா தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் தாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவங்க ஞாபகத்துல ஒரு பிழையும் இல்ல. கணக்கு என்னோடது. அப்படித்தான் எழுதுவேன்.”

கடைத்தெருவில் ஒரு தொலைத்தொடர்புக் கடையில் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதினார். தாய் சொன்ன சொற்களை அப்படியே போட்டார், பிறகு தன் கழித்தலை. நான் ஆங்கிலத்தில் பெயர்த்தேன். தமிழில் வாசித்துக் காட்டியதும் தாய் தலையசைத்தார். அனுப்பிய பிறகு அம்மா கேட்டார்: “நான் அவன கெடுத்துட்டேனா?” அந்தக் கேள்வியை அடுத்த எட்டு மாதங்களில் வேறு வேறு சொற்களில் பலமுறை கேட்டார்.

சென்ற மாதம் தீர்ப்பு வந்தது. தஞ்சம் கிடைத்தது. அம்மா அதை மூன்று தடவை வாசித்தார், தன் திருத்தத்தைத் தேடி. அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தத் திருத்தம் வழக்கைக் காப்பாற்றியதா, அதையும் மீறி வழக்கு மயிரிழையில் தப்பியதா என்று அவருக்கு இனித் தெரியப்போவதில்லை.

செய்தியைச் சொல்ல இருவரும் மேலே போனோம். தாய் எங்களைப் பாதையிலேயே சந்தித்தார். செய்தி சொன்னதும் அவர் கேட்டது இதைத்தான்: “அப்ப இனி அவன் இங்க வர ஏலாதுங்களா?” அகதியாக ஏற்கப்பட்டவன் தான் விட்டு ஓடிய நாட்டுக்கே திரும்பினால் அந்தப் பாதுகாப்பை இழக்கலாம். அம்மாவுக்கு அது தெரியும். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்போதைக்கு வர ஏலாதுக்கா” என்றார். எத்தனை காலத்துக்கு என்று தாய் கேட்டார். “எனக்குத் தெரியாது. கேட்டுட்டு வந்து சொல்றேன்.”

அவர்களுக்குப் பின்னால் ஏழாம் மலை மறுபடி கவ்வாத்து முடிந்து மொட்டையாகக் கிடந்தது. பெண்கள் மிலாறு கட்டிக்கொண்டிருந்தார்கள். பலகையில் பழைய வருடத்தின்மேல் வெள்ளை அடித்திருந்தார்கள். புதியதை இன்னும் எழுதவில்லை.