சரக்கு தெரியாத குடிகாரர்

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் பூவரசனின் குரலைத் தெரியாதவர்கள் வெளியூர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். சென்னப்பன் மண்டியில் ஏலம் விடுவது அவர்தான். விடியற்காலையில் டிராக்டர்களும் லோடு ஆட்டோக்களும் முட்டிமோதிக்கொண்டு நிற்கிற இரைச்சலுக்கு மேலே அவர் குரல் ஏறி உட்காரும். மேலே கிடக்கும் நாலு பழத்தைப் பார்த்தே கூடையின் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பேச்சுக்குக் குறைச்சலில்லாத மனிதர், தன்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வெளியே விடமாட்டார்.

சின்ன வயதில் அவர் நல்ல பருமன். பூவரசன் என்ற அழகான பெயரைப் பள்ளிக்கூடத்தில் 'பூசணி' ஆக்கிவிட்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு அத்தைக்காரி, மாப்பிள்ளை உட்கார்ந்தால் நாற்காலி தாங்குமா என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து பட்டினி கிடந்து இளைத்தார். ஊரே மெச்சியது. மெச்சிய பிறகு நிறுத்த மனசு வருமா? காலி வயிற்றோடு ஏலம் முடித்துவிட்டு, தெரிந்த முகம் இல்லாத கடையாகப் பார்த்து உட்காருவார். ருசி தெரியாமல், நிறுத்தவும் தெரியாமல் தின்பார். பிறகு தன்னை நினைத்துத் தனக்கே அருவருப்பாகி, மறைவாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு வருவார். கல்யாணம் ஆனபின் வீட்டுச் சாப்பாட்டுக்கும் அதே கதிதான். இது கெட்ட புத்தி என்று நினைத்தாரே தவிர, நோய் என்று நினைக்கவில்லை. ஒருமுறை போனில் தேடிப் பார்த்தார். வந்த படங்களில் எல்லாம் ஒல்லி ஒல்லியாய் வெள்ளைக்காரப் பெண்கள். நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று போனை வைத்துவிட்டார்.

அவர் மனைவி வெண்மதிக்கு அங்கன்வாடியில் வேலை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கதை சொல்லிச் சோறு ஊட்டுகிறவள். ஒரு சாயங்காலம் மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் கண் சிவக்க, வாயைத் துடைத்துக்கொண்டு நின்ற புருஷனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"குடிச்சீங்களா?" என்றாள்.

இல்லை என்றால் வேறு என்ன என்று கேட்பாள். நீ ஆக்கிப் போட்டதைத்தான் கொட்டிவிட்டு வருகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சாராய நாற்றமே ஆகாத பூவரசன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா" என்றார்.

குடிகாரனுக்கு நம் ஊரில் ஒரு இடம் இருக்கிறது. திட்டுவார்கள், அழுவார்கள், கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டுவார்கள், திருந்தினால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். தின்றுவிட்டு வாந்தி எடுக்கிற ஆம்பிளைக்கு நாம் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. அதனால்தான் அந்த மனுஷன் இல்லாத பழியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். நினைத்தால் கோபம்தான் வருகிறது. அவர் மேல் அல்ல.

வெண்மதி அவரை முனியப்பன் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கையில் கயிறு கட்டவைத்தாள். இனிமேல் ஒரு சொட்டுத் தொடமாட்டேன் என்று பூவரசன் மனசார சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தை அவ்வளவு சுலபமாகக் காப்பாற்றியவர் அந்தக் கோயிலில் வேறு யாரும் இருக்க முடியாது. ஆனால் வாந்தி நிற்கவில்லை. வெண்மதி கணக்கில் இப்போது அவர் வெறும் குடிகாரர் இல்லை, சாமிக்கே துரோகம் செய்த குடிகாரர்.

"இன்னொரு வாட்டி இப்படி வந்து நின்னீங்கன்னா நான் காரிமங்கலத்துக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிருவேன். திரும்பி வருவேன்னு மட்டும் நெனைக்காதீங்க" என்றாள். சொன்னால் செய்கிறவள். அவள் போய்விடுவாளோ என்கிற பயத்தில் பூவரசனுக்குத் தீனி இன்னும் அதிகமானதுதான் மிச்சம்.

குரல் முதலில் கம்மியது. அப்புறம் ஒரு நாள் நல்ல வரத்து, விறுவிறுப்பான ஏலம், விலையைப் பாதி சொன்ன வாயோடு அப்படியே கூடைகள் மேல் சாய்ந்துவிட்டார். மண்டி முதலாளி சென்னப்பன் தன் காரிலேயே போட்டுக்கொண்டு தருமபுரிக்கு ஓடினார். ரத்தத்தில் பொட்டாசியம் மோசமாக இறங்கியிருக்கிறது, இதயத்துக்கே ஆபத்து என்றார்கள். டாக்டர் காரணம் கேட்டபோது வெண்மதி, "குடிங்க" என்றாள். நாலு நாளில் உடம்பு தேறியதும், குடியை விட வைக்கிற ஒரு மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மனநல ஆலோசகராக இருந்தவர் தேவிப்பிரியா. வெண்மதியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு பூவரசனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"எத்தனை வருசமாங்க?"

"அது ஆச்சுங்க, கல்யாணத்துக்கு முன்னாடியே."

"என்ன சரக்குங்க?"

பூவரசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒருவழியாகத் தனக்குப் பதில் தெரிந்த கேள்வி வந்துவிட்டது. "ஹைபிரிட்டுதாங்க ஜாஸ்தி. நாட்டுத் தக்காளி இப்ப வரத்து கம்மி."

தேவிப்பிரியா பேனாவைக் கீழே வைத்தார். உதட்டைக் கடித்துப் பார்த்தார், அடங்கவில்லை, வாய்விட்டே சிரித்துவிட்டார். எதற்குச் சிரிக்கிறார் என்று புரிய பூவரசனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது.

"நீங்க குடிக்கறதே இல்லை. இல்லீங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம் எதனால வாந்தி? சொல்லுங்க, எனக்கு அவசரம் இல்லை."

முதல் தடவையாக ஒரு மனிதரிடம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு தேவிப்பிரியாவின் முகத்தைப் பார்த்தார். அதில் அருவருப்பு இல்லை.

"இதுக்குப் பேரு இருக்குதுங்க. புலிமியா."

"புலியா?"

"புலிமியாங்க. ஆம்பிளைங்களுக்கும் வரும். வைத்தியம் இருக்கு, சரியாப் போனவங்களும் நெறைய பேரு. ஆனா நான் பாக்கறதெல்லாம் குடிக் கேசுங்க. அரைகுறையாத் தெரிஞ்சுகிட்டு உங்க உடம்புல வெளையாட மாட்டேன். இது நல்லாத் தெரிஞ்ச ஆளை நான் தேடித் தர்றேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா வெளிய உக்காந்திருக்கறவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றார்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பூவரசன் சொன்னார். வெண்மதி முழுவதையும் கேட்டாள்.

"அப்ப நான் ஆக்கிப் போட்ட சோத்தையா இத்தனை நாளு கொட்டினீங்க?"

அவர் தலையாட்டினார்.

"குடிகாரன் பொண்டாட்டின்னு ஊரு பேசுறதை எத்தனை நாளு கேட்டிருப்பேன். உங்க வாய்லருந்து ஒரு வார்த்தை வரலையே." காரிமங்கலம் பஸ் புறப்படுகிற நேரம். ஏறி உட்கார்ந்துவிட்டாள், ஜன்னல் வழியாகக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

குடித்ததாகப் பொய் சொன்னபோது போகாதவள், உண்மையைச் சொன்னதும் போய்விட்டாள். பாலக்கோடு பஸ்ஸில் வரும்போது பூவரசன் அதையேதான் நினைத்தார். வழியில் இறங்கி ஏதாவது கடையில் உட்காரலாம் என்று உடம்பெல்லாம் பறந்தது. ஆனாலும் இந்த முறை இறங்கவில்லை. சொல்லித் தொலைத்தாயிற்று, இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பதில் ஒரு தைரியம் இருந்தது.

தேவிப்பிரியா சொன்னபடியே தேடினார். சேலத்தில் கேட்டார், வேலூரில் கேட்டார், கடைசியில் தான் படித்த பெங்களூரிலேயே அந்த நோய்க்கென்றே வைத்தியம் பார்க்கிற ஒரு அம்மாவைப் பிடித்தார். வாரம் ஒருமுறை வீடியோவில் பேச்சு. அந்த அம்மாவுக்குத் தமிழ் பாதி வரும், பூவரசனுக்கோ பெங்களூர் வியாபாரிகளோடு மல்லுக்கட்டிப் பழகிய கன்னடம் நன்றாகவே வரும். மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் தருமபுரியிலேயே மனநல மருத்துவர். பட்டினி கிடப்பதுதான் இதன் வேர், வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும் என்பது முதல் பாடம். ஏலத்துக்கு முன்னால் வயிற்றுக்குப் போடாத மனிதர், இருட்டோடு எழுந்து களி கிண்டித் தின்றுவிட்டு மார்க்கெட்டுக்குப் போனார். முதல் வாரம் களி கட்டி கட்டியாக இருந்தது. அடுத்த வாரம் பரவாயில்லை. நடுவில் சறுக்கவும் செய்தார். சறுக்கினதை மறைக்காமல் அடுத்த வாரமே சொன்னார். மறைக்காமல் சொன்னதுதான் முன்னேற்றம் என்றார் பெங்களூர் அம்மா.

மாதம் ஒன்று கழிந்திருக்கும். பூவரசன் தருமபுரியில் தேவிப்பிரியாவைப் பார்க்கப் போனபோது அங்கே வெண்மதி உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்க்காமல் தேவிப்பிரியாவைப் பார்த்தே கேட்டாள். "நான் ஆக்குறது புடிக்காமப் பண்ணலைதானுங்களே?"

"உங்க சமையலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க."

"அப்ப நான் என்னா செய்யணும், சொல்லுங்க."

"காவல் காக்க வேண்டாம். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் கூட உக்காந்து பேசுங்க. சாப்பாட்டைப் பத்தி மட்டும் பேசாதீங்க."

அன்றைக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் பாலக்கோடு வந்தார்கள். சாப்பிட்ட பிறகு என்ன பேசுவது என்று முதலில் இருவருக்குமே தெரியவில்லை. அங்கன்வாடிப் பிள்ளைகளின் அட்டகாசத்தை வெண்மதி சொன்னாள், மார்க்கெட் சண்டைகளை அவர் சொன்னார். சில நாள் பேச்சின் நடுவே, "இப்ப எந்திரிச்சுப் போவணும்போல இருக்குது, வெண்மதி" என்பார். "செத்த இருங்க, போயிரும்" என்பாள். போய்விடும்.

தை மாதம் வெண்மதியின் தம்பி குழந்தைக்குக் காதுகுத்து, காரிமங்கலத்தில். கறி விருந்து. பந்தியில் பூவரசனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் வெண்மதியின் பெரியப்பா மாதையன். சத்தமாகப் பேசியே பழகினவர்.

"மாப்பிள்ளை குடியை உட்டுட்டாராமே. முகத்துல களை வந்துருச்சு பாருங்க" என்றார் பந்திக்கே கேட்கும்படி. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூவரசனின் கை இலையிலேயே நின்றது. தலையாட்டிவிட்டால் போதும், அத்தோடு முடிந்துவிடும். இத்தனை பேர் முன்னால் வெண்மதிக்கு அதுதான் கௌரவம் என்றுகூடத் தோன்றியது.

சோற்று வாளியோடு வந்துகொண்டிருந்த வெண்மதி அங்கேயே நின்றாள்.

"அவரு குடிச்சதே இல்லைங்க, பெரியப்பா" என்றாள். "அவருக்கு இருக்கறது சாப்பாட்டு நோவு. அதுக்கு வைத்தியம் பண்ணிகிட்டிருக்கோம்."

மாதையனுக்கு ஒன்றும் புரியவில்லை. பந்தியில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. பூவரசனுக்கு மட்டும் 'பண்ணிகிட்டிருக்கோம்' என்ற அந்தக் கடைசி வார்த்தை நன்றாகக் கேட்டது. வெண்மதி குனிந்து அவர் இலையில் சோறு வைத்தாள். அவர் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.