ஒளித்து வைத்த வெள்ளிக்கிழமை

எங்கள் ஊருக்கு அடுத்த வருடம் ஆடி மாதமே வந்துவிடும். சிவகாசியில் பிறந்த பிள்ளைகளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மற்ற ஊர்களில் தீபாவளிக்குத் துணி எடுக்க யோசிக்கும்போதே, அதற்கும் அடுத்த தீபாவளி என்ன கிழமை என்று எங்களுக்குத் தெரிந்திருக்கும். தினசரி காலண்டருக்கான தேதித் தாள்களை அச்சகங்களில் அடித்து, வெட்டி, தேதிவாரியாகக் கட்டுப் போட்டு வெளியே அனுப்புவார்கள். நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம் அந்தக் கட்டுகள் எங்கள் வீட்டு முன்னறைக்கும் வந்தன.

அதுவரை அம்மா ஒரு நோட்டுக் கம்பெனியில் பின் அடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பழைய பின் மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் கையில் கிடந்த இரண்டு வளையல்களையும் கழற்றிவிட்டாள். மெஷின் வண்டியில் வந்து இறங்கியபோது அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். அவர் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றும் இடத்தில் மேஸ்திரி.

"இனிமே நான் உனக்கு வணக்கம் வைக்கணுமாக்கும், முதலாளியம்மா?"

"வைங்க. போகப் போகப் பழகிக்கிடுவீக" என்றாள் அம்மா.

அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகும் அதிகம் பார்க்கவில்லை.

முதல் இரண்டு மாதம் அச்சகங்களுக்குக் கூலிக்குச் செய்துகொடுத்தாள். பிறகு விருதுநகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், தன் கடைப் பெயர் போட்ட காலண்டர் ஆயிரம் வேண்டும் என்று நேராக அவளிடமே கேட்டார். அவளுடைய முதல் சொந்த ஆர்டர் அது. நல்லபடியாக முடித்துக் கொடுத்தால் தன் கடைத்தெருவில் இன்னும் நாலைந்து பேரிடம் சொல்வதாக அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார். முடியாமல் போனால் மறுபடி கம்பெனி வேலைதான் என்று அம்மா சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டையும் நான் என் காதால் கேட்டேன். ஒன்றும் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

வேலை இப்படித்தான். தரையில் தேதிக் கட்டுகளை வரிசையாக வைத்து, கட்டுக்கு ஒரு தாளாக எடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். ஒன்றாம் தேதியில் தொடங்கி முப்பத்தொன்றில் முடித்தால் ஒரு மாதத்துக்கான செட். பன்னிரண்டு மாதத்தையும் சேர்த்து, கடைப் பெயர் போட்ட அட்டையில் வைத்துப் பின் அடித்தால் ஒரு காலண்டர். அம்மாவும் சித்தியும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். எந்த மாதத்தைத் தொடங்கினாலும் முதல் செட்டை ஒவ்வொரு தேதியாகப் புரட்டிப் பார்த்த பிறகுதான் இரண்டாவது செட்டை எடுக்க வேண்டும். அதை மட்டும் அம்மா யாரிடமும் விடமாட்டாள்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனியை ஒரு மாதம் அடைத்திருந்தார்கள். அப்பாவுக்கு வேலையே இல்லாத அந்த மாதத்தில்தான் அம்மாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் நடுவே கால் வைத்துத்தான் அடுப்படிக்குப் போக முடியும்.

"சோறு உண்டா, இல்ல மார்ச்சு மாசத்தக் கிழிச்சுத் திங்கணுமா?" என்பார் அப்பா.

"ஒங்க வயித்துக்கு மார்ச்சு மட்டும் பத்தாது அத்தான், ஏப்ரலையும் சேத்துக்கோங்க" என்பாள் சித்தி.

அம்மா எழுந்துபோய் உலை வைப்பாள். அப்பா கேலியாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு நாள்கூட அவர் உலை வைத்ததில்லை.

எனக்குத் தலை பின்னும்போதும் அம்மாவின் கண் தாள் வரிசையின் மேல்தான் இருக்கும். நான் எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான், சீசன் முடியட்டும். ஒரு நாள் நான் விடவில்லை.

"சீசன் என்னைக்கு முடியும்?"

"தையில."

"தையில என்னைக்கு?"

அவள் அப்போது ஜனவரி வரிசையின் முன்னால் குத்தவைத்திருந்தாள். குனிந்து பார்த்து ஒரு கட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இந்தா, இருபதாந்தேதி. வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுட்டு இருக்கன்குடிக் கோயிலுக்குப் போவோம். அன்னைக்கு முழுக்க உன் கூடத்தான். போதுமா தாயி?"

போதும்தான். ஆனாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அதற்கு முன் அவள் எனக்கென்று சொன்ன ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் யாராவது வந்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அட்டைக்காரர் வந்தார், அச்சகத்து ஆள் வந்தார், ஆட்டோக்காரர் வந்தார். இந்தக் கட்டில் ஆயிரம் தாள் இருந்தது. ஆயிரம் வீட்டுக்கு இந்த வெள்ளிக்கிழமை போய்ச் சேரப்போகிறது. ஆயிரம் வீட்டில் ஒருவருக்காவது அன்றைக்கு அம்மாவிடம் வேலை இருக்காதா? இந்த ஒரு நாளை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் நாமே வைத்துக்கொண்டால் என்ன?

அன்று சாயங்காலம் அம்மாவும் சித்தியும் அட்டை எடுக்கப் போயிருந்தார்கள். நான் இருபதாம் தேதிக் கட்டைத் தூக்கினேன். செங்கல் போலக் கனத்தது. பழைய பாடப்புத்தகங்கள் கிடந்த தகரப் பெட்டியின் அடியில் அதை வைத்து மூடினேன். பத்தொன்பதையும் இருபத்தொன்றையும் நெருக்கி வைத்தேன். வரிசை நேராகத்தான் தெரிந்தது.

அத்தோடு விட்டிருந்தால்கூட அம்மா கண்டுபிடித்திருப்பாள். மறுநாள் காலையில் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஏற்கெனவே இரண்டு கூட்டத்துக்கு அவள் வரவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, நீ வந்தால்தான் நானும் போவேன் என்று அழுதேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், ஜனவரி வரிசையைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"நீ எடுக்க ஆரம்பி, நான் ஒரு எட்டுப் போயிட்டு வந்துருதேன்" என்றாள் சித்தியிடம்.

"மொத செட்டு புரட்டணுமேக்கா?"

"நேத்து நாந்தான அடுக்குனேன். சரியாத்தான் இருக்கும்."

பள்ளியில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் என் கையெழுத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா தலையாட்டினாள். மடியில் கிடந்த அவள் விரல்கள் மட்டும் தாள் எடுப்பதுபோல் அசைந்துகொண்டே இருந்தன. நாங்கள் போன நேரத்தில் சித்தி இருநூறு செட் எடுத்து முடித்திருந்தாள். அதன் பிறகு எதற்குப் புரட்டிப் பார்க்க?

காலண்டர்கள் விருதுநகருக்குப் போய்ச் சேர்ந்தன. மார்கழி பிறந்த இரண்டாம் நாள் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு காலண்டர் இருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஏம்மா, தையில மொத முகூர்த்தத்தையே காணமே! பத்தொம்பதுக்கு அடுத்து இருபத்தொண்ணு வருது. பட்டெடுக்க வந்த மனுசன், எம் மகளுக்குத் தாலி கட்டுற நாளையே காணமேன்னு கல்லா மேலயே இத வச்சுட்டுப் பட்டும் எடுக்காமப் போயிட்டாரு. நாளு கொறஞ்ச காலண்டர எந்த வீட்டுலம்மா மாட்டுவாக?"

அம்மா வாங்கிப் புரட்டினாள். திரும்பவும் புரட்டினாள்.

"அண்ணாச்சி, ஒரு வாரம் குடுங்க. பின்னப் பிரிச்சு, தாளச் சேத்து, மறுபடி அடிச்சுத் தாரேன்."

"தாளு கைவசம் இருக்கா?"

"வீட்டுலதான் எங்கனயோ இருக்கும்."

"ஒரு வாரந்தான் தாயி. மார்கழி போயிருச்சுன்னா நான் இத யாருக்குக் குடுக்க?"

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். பீரோவை நகர்த்தினார்கள், மெஷினுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவினார்கள். "அந்த ஒரு கட்டுக் கெடச்சாப் போதும், நாலு நாளுல முடிச்சிருவேன்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னிடம் வந்து முகத்துக்கு நேராகக் குத்தவைத்துக் கேட்டாள்.

"ஏ புள்ள, நீ எங்கனயும் பாத்தியா?"

எடுத்தாயா என்று கேட்கவில்லை. அவளுக்கு அது தோன்றவே இல்லை. நான் இல்லை என்று தலையாட்டினேன். ஒரு தடவை கையை ஓங்கியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்று இன்றும் யோசிக்கிறேன். ஓங்கியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்றும் தோன்றுகிறது.

அம்மா நாலைந்து அச்சகம் ஏறி இறங்கினாள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்களாம். ஒரு தேதியை மட்டும் தனியாக அச்சடிக்கக் கட்டுப்படியாகாது, இருப்பதில் உருவிக் கொடுத்தால் எங்கள் செட்டு உடைந்துபோகும், அப்புறம் மிச்சத்தை நாங்கள் என்ன செய்ய?

இரண்டாம் நாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் முன் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தகரப் பெட்டியிலிருந்து கட்டை எடுத்து, முன்னறை மூலையில் வெட்டுத்தாள் கிடந்த சாக்குக்குள் செருகினேன். யாராவது தேடும்போது கையில் தட்டுப்படும். யாரும் ஒளித்து வைக்காமல் அதுவாகவே தவறி விழுந்ததுபோல் இருக்கும். அம்மா கிடைத்துவிட்டது என்று கத்துவாள், நானும் கூடச் சேர்ந்து கத்தலாம். பள்ளியில் அன்று முழுவதும் அந்தச் சத்தத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வந்தபோது மூலை காலியாக இருந்தது. தேடுவதற்கு இடம் கிடைக்கட்டும் என்று அப்பா சாக்குகளையெல்லாம் வேஸ்ட் பேப்பர்காரரின் வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார். அந்த சீசனில் அம்மாவுக்கு அவர் செய்த ஒரே உதவி அது.

வாரக் கடைசியில் அண்ணாச்சி வேண்டாமென்று திருப்பி அனுப்பிய காலண்டர் லோடு வந்து சேர்ந்தது. அப்பா கேலி பேசுவார் என்று நான் பயந்தேன். அவரோ கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சுவரோரமாக அடுக்கினார். சித்திதான் வாய் தவறிச் சொன்னாள்.

"அன்னைக்கு நீ பள்ளிக்கூடத்துக்குப் போகாம இருந்திருந்தா..."

"விடு" என்றாள் அம்மா. "பிள்ளையையும் பாக்கணும், தொழிலையும் பாக்கணும்னு ஆசப்பட்டா ரெண்டுல ஒண்ணு விழத்தான செய்யும்."

இத்தனை வருடமாக அவள் அதையேதான் நம்பிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் நான் போனில், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் குழந்தைகள் உடுப்புத் தைத்து விற்கலாமா என்று பார்க்கிறேன் என்று சொன்னபோதும் அதே வாக்கியம்தான் வந்தது. என் மகளுக்கு மூன்று வயது. "அவ கொஞ்சம் வளரட்டும், என்ன மாதிரி ரெண்டு பக்கமும் இழுபடாத" என்றாள். உண்மை நாக்கு வரைக்கும் வந்தது. அவள் என்னோடு பள்ளிக்கு வந்ததில் தவறே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வராமல் இருந்திருந்தால் முதல் செட்டிலேயே கண்டுபிடித்திருப்பாள் என்பதும் உண்மைதானே? சொன்னால் அவளுக்குப் பாரம் இறங்குமா, இல்லை போன இருபது வருடமும் வீண் என்று ஆகிவிடுமா? எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு போனை வைத்தேன். தைக்கத் துணி தரும் வியாபாரியிடமும் இன்னும் பேசவில்லை.

அந்த வருடப் பொங்கலுக்கு முன்பே அம்மா மறுபடி நோட்டுக் கம்பெனிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். புதிதாகச் சேர்ந்தவளுக்கு லீவு கிடையாது. இருக்கன்குடிக்கு நாங்கள் போகவில்லை.

மெஷினை விற்றது அதற்கும் முந்தைய ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேர் வந்து லோடு ஆட்டோவில் தூக்கி வைத்தார்கள். வாங்கியவர் அம்மாவிடம், எப்படி எண்ணெய் விட வேண்டும் என்று கேட்டார். அவள் ஆட்டோ வரைக்கும் போய், எந்த இடத்தில் எத்தனை சொட்டு என்று தொட்டுக் காட்டிச் சொல்லிக் கொடுத்தாள். திரும்பி வந்து முன்னறையைக் கழுவிவிட்டாள். மெஷின் நின்ற இடத்தில் நான்கு எண்ணெய்த் திட்டுகள் மட்டும் போகவில்லை. அவற்றைக் குத்தவைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

தரை காய்ந்ததும் நான் படுத்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் உருண்டேன். தடுக்க ஒரு கட்டும் இல்லை, ஒரு தேதியும் இல்லை. அம்மா என் பக்கத்திலேயே இருந்தாள், யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நான் ஆசைப்பட்டதெல்லாம் அப்படியே நடந்துவிட்டது.

"அம்மா, நம்ம வீடு எம்புட்டுப் பெருசு பாரேன்!" என்றேன்.

தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "பெருசுதான்."

அவளுக்கும் சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டு, நான் மறுபடியும் உருளத் தொடங்கினேன்.